மெட்டு தெரியாத பாட்டுக்காரி

"மாஸ்டர், நான் கொயரை விட்டு நின்னுக்கிடுதேன்" என்றாங்க ஹெப்சிபா அக்கா.

பொன்சிங் மாஸ்டர் அப்போ தன்னோட ரிப்பேர் கடையில என் வீட்டு மிக்ஸியைக் கவுத்துப் போட்டு ஸ்குரூ கழட்டிக்கிட்டு இருந்தார். தலையைத் தூக்கல.

சனிக்கிழமை சாயங்காலமும் ஞாயித்துக்கிழமை காலையிலயும் அவர் எங்க கோயில் பாட்டுக் குழுவான கொயருக்கு மாஸ்டர். மத்த நேரமெல்லாம் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர். பேச்சு ரொம்பக் கம்மி. முப்பது பேரை ஒத்தை விரல்ல பாட வைக்கிற மனுஷன், வாயை எதுக்கு வீணா வலிக்க வைக்கணும்னு நினைச்சிருப்பார் போல. அக்காவுக்கு அவர் நாலு வயசு இளையவர். ஆனா பாட்டுன்னு வந்துட்டா மாஸ்டர்தான்.

நான் பாஸ், அதான் அடிக்குரல் வரிசைக்காரன். பாஸ் பாடுறவனுக்குப் பாதிப் பாட்டு ஒரே சுரம். அதனால நாலு பேரை வேடிக்கை பார்க்க நேரம் நிறைய உண்டு. அந்த உரிமையில சொல்லுதேன்.

அக்கா கொயர்ல போடுற தன்னோட வெள்ளை அங்கியை மடிச்சு மேஜையில வச்சாங்க. பாட்டுப் புத்தகத்தை மட்டும் கையைவிட்டு விடல.

காரணம் எனக்கும் தெரியும். அக்காவோட நாத்தனார் ரூபாவதி, போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்புக் காலத்துல இறந்துட்டாங்க. ரூபா சொப்ரானோ, பாட்டோட மெட்டைப் பாடுறவங்க. அக்கா ஆல்ட்டோ, அந்த மெட்டுக்கு அடியில வேற சுரத்துல துணையாப் போறவங்க. முப்பத்தொரு வருஷம் பக்கத்துல பக்கத்துல நின்னாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே புத்தகம். இடது பாதி ரூபா கையில, வலது பாதி அக்கா கையில.

அந்த நாளெல்லாம் கண்ணுக்குள்ளயே நிக்குது. டிசம்பர் பனியில லாரி ஏறி வீடு வீடா கிறிஸ்துமஸ் கேரல் பாடப் போவோம். டீசல் வாடை, தலையில மப்ளர், வீட்டுக்கு வீடு சுக்குக் காப்பி. ரூபா நாக்குல விரலைத் தொட்டுப் பக்கம் புரட்டுவாங்க. "அசிங்கம் பிடிச்சவளே"ன்னு அக்கா திட்டுவாங்க. "அப்ப நீங்க அந்தப் பக்கமே பிடிச்சுக்கிடுங்க மைனி"ன்னு ரூபா சிரிப்பாங்க. அந்த ஈர விரலாலயே பிடிச்சுப் பிடிச்சு, புத்தகத்தோட இடது மூலை இன்னைக்கும் பழுப்பா இருக்கும்.

"பக்கம் புரட்டுற நேரம் வந்தா இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கேன் மாஸ்டர். ஆள் இல்ல. கோயில்ல நின்னு நான் பாடவா, அழவா?"

மாஸ்டர் கையைத் துடைச்சுக்கிட்டு அங்கியை எடுத்தார். மர அலமாரியைத் திறந்தார். உள்ளே ஏற்கெனவே ஒரு அங்கி தொங்கிச்சு. ரூபாவோடது. அடக்கம் முடிஞ்ச மறுநாள், வீட்டுல வச்சுப் பார்க்க முடியலன்னு அக்காதான் கொண்டுவந்து குடுத்திருந்தாங்க. அதுக்குப் பக்கத்துலயே இதையும் மாட்டினார்.

"சரிக்கா. ஞாயித்துக்கிழமை கீழ சபையோட உக்காந்து பாடுங்க. பாடிட்டு வந்து சொல்லுங்க."

அவ்வளவுதான். போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுவார்னு அக்கா நினைச்சிருப்பாங்க. முகம் சுண்டிப் போச்சு.

என் மிக்ஸியை அடுத்த வாரம் வந்து வாங்கிக்கிடச் சொன்னார்.

*

ஞாயித்துக்கிழமை நாங்க ஆல்டர் பீடத்துப் பக்கத்துல ரெண்டு படி மேல நிக்கோம். அக்கா கீழ, நடு வரிசை பெஞ்சுல. எல்லாருக்கும் மனப்பாடமான பழைய பாட்டு. சபை மொத்தமும் எழுந்து பாடிச்சு.

முதல் அடியிலயே அக்காவுக்கு முன்னால இருந்த அம்மா திரும்பிப் பார்த்தாங்க. இன்னொருத்தரும் பார்த்தார். அக்கா வாயை மூடிட்டாங்க. அப்புறம் ஆராதனை முடியுற வரை திறக்கவே இல்ல.

மறுநாள் நான் மிக்ஸிக்குப் போய் உக்காந்திருந்தேன். அக்கா வந்தாங்க. கண்ணெல்லாம் சிவந்திருந்துச்சு.

வாயைத் திறந்தா ஆல்ட்டோதான் வருதாம். மெட்டைப் பாடணும்னு நினைச்சாலும் ரெண்டு சுரம் தாண்டினதும் தானா கீழ இறங்கிடுதாம். வீட்டுல கதவைச் சாத்திட்டுப் பாடிப் பார்த்தாங்களாம். நடக்கல. காதுக்குத் தெரிஞ்ச மெட்டு வாய்க்குத் தெரியல.

"முப்பத்தொரு வருஷம் கொயர்ல நின்னேன். ஒரு பாட்டுக்கும் எனக்கு மெட்டுத் தெரியாது மாஸ்டர். அதான் பக்கத்துல ரூபா இருக்காளேன்னு விட்டுட்டேன். போகும்போது எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டா."

நான் மிக்ஸி ஜாரைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

மாஸ்டர் ஸ்குரூ டிரைவரைக் கீழ வச்சுட்டுக் கேட்டார்.

"உங்க பக்கத்துல உக்காந்திருந்தது யாரு?"

அக்கா கவனிக்கலன்னாங்க.

"அடுத்த வாரமும் கீழயே உக்காருங்க. வாயை மட்டும் மூடாதீங்க."

மிக்ஸி அன்னைக்கும் ஆகல. வீட்டுல என் பொண்டாட்டி அம்மியைக் கழுவ ஆரம்பிச்சுட்டா.

*

அந்த ஞாயிறு நான் பாட்டைவிட அக்காவைத்தான் அதிகம் பார்த்தேன். கடவுள் மன்னிக்கட்டும்.

அக்கா பக்கத்துல புதுசா ஒரு அம்மா. போஸ்ட் ஆபீசுக்கு மாற்றலாகி வந்த எமிமாள். கையில புத்தகம் இல்லாம, உதடு மட்டும் அசையுற மாதிரி நின்னாங்க. அக்கா பழக்கத்துல தன் புத்தகத்தைப் பாதி நகர்த்தி நீட்டினாங்க. எமிமாள் இடது பக்கத்தைப் பிடிச்சாங்க. அந்தப் பழுப்பு மூலையில.

அதுக்கப்புறம் நடந்ததை அக்காவே மறுநாள் கடையில வந்து சொன்னாங்க. உக்காரக்கூட இல்ல.

அந்தம்மா குரல் சின்னக் குரலாம். முதல் சரணத்துல முணுமுணுப்புதானாம். அக்கா வாயை மூடல. எப்பவும்போல ஆல்ட்டோ வந்துச்சு. ஒரு தடவை அந்தம்மா திரும்பிப் பார்த்தாங்க. பார்த்துட்டு நிறுத்தல. ரெண்டாவது சரணத்துல குரல் கொஞ்சம் ஏறிச்சு. மூணாவதுல மெட்டை நல்லாவே திறந்து பாடினாங்க. பாட்டுக்கு நடுவுல பக்கத்தைப் புரட்டினது யாருன்னு அக்காவுக்கு ஞாபகமே இல்லையாம்.

"வெளிய வந்ததும் என் கையைப் பிடிச்சுக்கிட்டா மாஸ்டர். 'இத்தனை வருஷம் பாடுதேன், நான் பாடுனது எனக்கே நல்லா இருந்தது இன்னைக்குத்தான்'னா."

சொல்லிட்டு அக்கா அழுதாங்க. போன வாரம் கண்ணு சிவந்து வந்தாங்களே, அந்த அழுகை இல்ல இது.

அழுது முடிச்சுட்டு, மேல வரணுமா, கீழயே இருக்கணுமா, அதைச் சொல்லுங்கன்னு கேட்டாங்க.

மாஸ்டர் எழுந்து அலமாரியைத் திறந்தார். அக்காவோட அங்கியை எடுத்து அவங்க கையில குடுத்தார். அப்புறம் பக்கத்துல தொங்கின இன்னொன்னை எடுத்தார். ரெண்டு தோளையும் பிடிச்சு ஒரு உதறு உதறினார். ஒரு வருஷத்துத் தூசி.

"அந்தம்மா என்ன உசரம் இருப்பாங்க?"

அக்கா அந்த அங்கியையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. வேண்டாம்னு சொல்லிருவாங்கன்னு நினைச்சேன்.

அக்கா கையை நீட்டி அதோட கீழ்மடிப்பைப் பிடிச்சுப் பார்த்தாங்க.

"ரூபாவை விட நாலு விரல் கம்மி. குடுங்க, மடிச்சுத் தச்சு சனிக்கிழமை கொண்டுவாரேன்."