நாற்பது வண்டி ஓலை

முன்னொரு காலத்தில், ராஜாவுக்குப் புதுச் சட்டம் தோன்றினாலே ஜனங்கள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும் ஒரு நாடு இருந்தது. வழக்குக்கு வருகிறவர்கள் ஓலைகளை மறைக்கிறார்கள் என்று எரிச்சல்பட்ட ராஜா, ஒருநாள் முரசறையச் செய்தார்: "விசாரணைக்கு முன்பே அவரவர் வீட்டு ஓலை முழுவதையும் எதிராளிக்குக் காட்ட வேண்டும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஓர் ஓலையை ஒளித்தாலும் தலை போகும்!"

முதலில் மாட்டியவர் பண்டகசாலை அதிகாரி அம்பலவாணர். அவர் தோட்டத்துக் கிணற்றில் பாதித் தண்ணீர் பக்கத்து நிலத்துக்காரி வெள்ளச்சியின் வெற்றிலைக் கொடிக்காலுக்கு என்று அவர் வீட்டிலேயே பழைய ஓலை ஒன்று உண்டு. அவள் புருஷன் செத்ததும் மனிதர் வாய்க்காலை அடைத்துவிட்டார். இன்னும் இரண்டு நாள் தண்ணீர் இல்லையென்றால் கொடி கருகிவிடும், அவள் பிழைப்பும் போய்விடும். அவள் ராஜாவிடம் வழக்குக் கொண்டுபோனாள்.

அம்பலவாணர் லேசுப்பட்டவரா? விசாரணை நாளன்று காலையில் நாற்பது வண்டி ஓலையை அரண்மனை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். "அரசே, தங்கள் ஆணைப்படி ஒன்றையும் மறைக்கவில்லை. உச்சிப்பொழுதுக்குள் அவளே தேடி எடுத்துக்கொள்ளட்டும்."

"நான் எழுத்தையே கண்டதில்லையே சாமி!" என்று வெள்ளச்சி அழுதாள்.

அரண்மனை விகடன் பிச்சாண்டி அவளுக்காக எழுந்தான். "கிணற்று ஓலை எந்த வண்டியில் இருக்கிறது, ஐயா?"

"நினைவில்லை."

"எந்த ஓலைக் கட்டுக்குள்?"

"நினைவில்லை."

"காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?"

"அதுவும் நினைவில்லை."

சபையோர் கெக்கலித்தார்கள். பிச்சாண்டி தோற்பதைப் பார்க்க அவர்களுக்கு எத்தனை நாள் ஆசை! ராஜாவோ நெளிந்தார். மறதிக்கு அவர் சட்டத்தில் தண்டனை இல்லை.

"அரசே," என்றான் பிச்சாண்டி, "இன்று ஆடி பதினெட்டு. உதவாத ஓலைகளை ஆற்றில் விடுவது நம் வழக்கம். இவற்றில் என்ன இருக்கிறதென்று உடையவருக்கே நினைவில்லை. இத்தனையையும் உட்கார்ந்து படிக்கவும் ஆளில்லை. விட்டுவிடலாமே?"

அலுத்துப்போயிருந்த ராஜா, "அப்படியே செய்யுங்கள்!" என்றார்.

"அடப் பாவி மனுசா! எனக்கு ஒத்தாசைக்கு வந்தியா, குழி பறிக்க வந்தியா?" என்று வெள்ளச்சி கத்தினாள்.

முதல் வண்டி ஆற்றில் கவிழ்ந்தது. பழைய ஜாதகங்களும் மருந்துக் குறிப்புகளும் மிதந்து போயின. அம்பலவாணர் சிரித்தார். பத்தாவது வண்டியில் சிரிப்பு நின்றது. பதினாறாவதில் வேர்த்துக் கொட்டியது. பதினேழாவது வண்டியின் மாட்டை அவிழ்த்தார்களோ இல்லையோ, "நிறுத்துங்கடா!" என்று அலறிக்கொண்டு ஓடினார். வேட்டியை மடித்துக் கட்டி வண்டியில் ஏறி, வைக்கோலுக்கு அடியில் கைவிட்டு, ஓர் ஓலைக் கட்டை உருவி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இது என் தோட்டத்துப் பத்திரம்! இது போச்சுன்னா நான் தெருவுலதான் நிக்கணும்!"

"பதினேழாம் வண்டி, வைக்கோலுக்கு அடியில்! நினைவு வந்துவிட்டதே, ஐயா!" என்றான் பிச்சாண்டி. "ஒரு நிலத்து ஓலைகளை ஒரே கயிற்றில்தானே கோப்போம்? அடுத்த ஓலையைப் படிக்கச் சொல்லுங்கள், அரசே."

அடுத்த ஓலை கிணற்று ஓலைதான். பாதித் தண்ணீர் கொடிக்காலுக்கு என்று பளிச்சென்று எழுதியிருந்தது.

ராஜா கிரீடம் நழுவுகிற அளவுக்குச் சிரித்தார். அம்பலவாணரே மண்வெட்டி பிடித்து அன்றே வாய்க்காலைத் திறக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ராஜா தம் முத்துமாலையைக் கழற்றிப் பிச்சாண்டியின் கழுத்தில் போட்டார்.

"அப்பாடா!" என்று வெள்ளச்சி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன் சாமி, மனசுல வச்சுக்காதீங்க."

"ஒரு கவுளி வெத்தலை கொண்டா, மறந்துடறேன்."

பொழுது சாயுமுன் கொடிக்காலில் தண்ணீர் பாய்ந்தது. அதற்குப் பிறகு அந்தச் சபையில் யாருக்கும் மறதி வந்ததே இல்லையாம்.