தோல் கேட்ட கேடயம்

ஆடுகள் நிறையவும் கேள்விகள் குறைவாகவும் இருந்த ஒரு காட்டில், செவலை என்றொரு இளம் வெள்ளாடு இருந்தது. எதற்கெடுத்தாலும் "ஏன்?" என்று கேட்கும். மந்தையில் அதற்கு என்ன பெயர் தெரியுமா, குழந்தைகளே? வாயாடி!

ஒருநாள் காட்டரசனான சிறுத்தை ஆடுகளைக் கூட்டியது. பக்கத்தில் மந்திரி நரி.

"செந்நாய்களிடமிருந்து உங்களைக் காக்க மகாராஜா ஒரு கேடயம் செய்யப்போகிறார். பெயர் ஈஜிஸ்!" என்றது நரி. "கிரேக்கச் சொல். அவர்களுடைய தேவராஜன் தாங்கிய கேடயம். அடைக்கலம், ஆதரவு, காவல் எல்லாம் அந்த ஒரே சொல்லுக்குள் அடக்கம்!"

"ஆகா! கேட்கும்போதே உடம்பு சிலிர்க்கிறது!" என்றது மந்தைத் தலைவன் கொம்பன் கிடா.

செவலைக்கும் சிலிர்த்தது, வேறு காரணத்தால். "நரி மாமா, அதை எதால் செய்வார்கள்?"

நரி தொண்டையைச் செருமியது. "அது... ஆட்டுத்தோல்."

"எந்த ஆட்டின் தோல்?"

"ஒரே ஒரு ஆடு போதும்மா. மற்ற எல்லோருக்கும் பாதுகாப்பு!"

"தோல் கொடுப்பவளுக்கு?"

"பெருமை!" என்றது சிறுத்தை, நாக்கால் மீசையைத் தடவிக்கொண்டே.

கொம்பன் முந்திக்கொண்டது. "இவ்வளவு கேள்வி கேட்டாளே, அவளே கொடுக்கட்டும். பொதுநன்மைக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?"

"ஆமாம், ஆமாம்!" நாலாபக்கமும் தலைகள் ஆடின. நேற்றுவரை ஒரே புதரில் மேய்ந்த தோழிகூடப் புல் மேய்கிற சாக்கில் குனிந்துகொண்டது.

செவலைக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம்.

"சரி, தருகிறேன். ஆனால் செய்வதை முறையாகச் செய்ய வேண்டாமா? நீங்கள் படித்தவர். அந்தக் கேடயத்தில் வெறும் தோல்தானா, மாமா?"

'படித்தவர்' என்றதும் நரியின் வால் நிமிர்ந்தது. "வெறும் தோலா? நன்றாகச் சொன்னாய்! நடுவில் ஒரு பயங்கரமான தலையை வெட்டிப் பதித்திருப்பார்கள். மயிருக்குப் பதில் பாம்புகள்! பார்த்த பகைவன் அங்கேயே கல்லாகிவிடுவான். கேடயத்தின் சக்தியே அந்தத் தலைதான்!"

"நம் காட்டில் பார்த்தாலே குலைநடுங்க வைக்கும் தலை யாருடையது?"

"இதென்ன கேள்வி? நம் மகாராஜாவுடைய..."

நரி வாயை மூடுவதற்குள் சொல் வெளியே வந்துவிட்டது. ஆடுகள் அத்தனையும் சிறுத்தையின் கழுத்தைப் பார்த்தன. கூடவே கொம்புகளும் அந்தப் பக்கம் திரும்பின.

"முதலில் தலை வரட்டும். தோல் எங்கே ஓடிப்போகிறது?" என்றது செவலை.

சிறுத்தை எழுந்து சோம்பல் முறித்தது. "திட்டம் இன்னும்... பரிசீலனையில்தான் இருக்கிறது" என்று முனகியபடி புதருக்குள் புகுந்தது. நரி அதற்கு முன்பே மாயமாகியிருந்தது.

கொம்பன் மட்டும் பெருமூச்சு விட்டது. "கெடுத்துவிட்டாயே, பெண்ணே! எவ்வளவு அழகான சொல்!"

நீதி: காக்க வருகிறேன் என்பவனிடம், கேடயம் யாருடைய தோல் என்று முதலில் கேள்.