கலிங்கு ஓடையில் முதல் குடிசை

மழை விடவே இல்லை. ஏரிக்கரை அங்கங்கே கசிய ஆரம்பித்துவிட்டது. கலிங்குப் பலகைகளை எடுத்து, மிஞ்சின தண்ணீரை ஓடையில் விட்டால் ஊர் தப்பும். இல்லாவிட்டால் பொழுது சாயறதுக்குள் கரை உடையும். ஊரே போகும்.

ஓடைக்குள் குடிசைகள் இருந்தன. அதுதான் சிக்கல்.

பாளையக்காரர் பொம்முசாமி குடிசைகளைக் காலி செய்யச் சொல்லித் தண்டோராக்காரனை அனுப்பியிருந்தார். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் தண்டோரா போடுவார். "ஓடையில் குடிசை இருந்தால் ஆனையை விட்டு இடிப்பேன்!" யாராவது வந்து காலில் விழுவார்கள். போன வருஷம் கருப்பாயி விழுந்தாள், கைக்குழந்தையோடு. இவர் விட்டுவிட்டார். 'எங்க ராசா மனசு தங்கம்' என்றார்கள். கேட்க இவருக்கும் நன்றாகத்தான் இருந்தது.

தண்டோராக்காரன் மயிலன் சொட்டச் சொட்ட வந்து நின்றான்.

"சொன்னியா?"

"தொண்டை கிழியச் சொன்னேன் மகாராசா. சிரிக்கிறாங்க."

"சிரிக்கிறாங்களா?"

"'வருஷப் பாட்டைப் பாடிட்டியா, கூழ் குடிச்சிட்டுப் போ'ங்கிறாங்க. கருப்பாயி ஊத்தியே குடுத்துட்டா."

பொம்முசாமி தன் குருவிடம் ஓடினார். குரு ஒரு பரதேசி. அவர் குடிசையும் அதே ஓடைக்குள்தான். முதன்முதலில் இடிக்காமல் விட்டதே அதைத்தான்.

"சாமி, கிளம்புங்க. தண்ணியைத் திறக்கணும். நான் சொன்னா ஒருத்தரும் நம்பலை. என்ன செய்ய?"

"ஆனையைக் கொண்டா."

"எதுக்கு?"

"இந்தக் குடிசையை இடிக்க."

"குருவோட குடிசையையா? பாவம் சாமி!"

"போன வருஷமும் இதையேதான் சொன்னே."

யானை வந்தது. ஒரே முட்டு. கூரை சரிந்தது. பரதேசி திருவோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு கரையேறினார்.

அக்கம்பக்கத்தில் சிரிப்பு நின்றுபோனது. பானை, கோழி, பிள்ளை என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினார்கள்.

ஓடை வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்த கருப்பாயி இதைப் பார்க்கவில்லை. மயிலன் போய்க் கத்தினான். "சாமியார் குடிசையையே இடிச்சாச்சு! வா புள்ளே!"

"எங்க ராசா குருநாதர் குடிசையைத் தொடுவாரா? நல்லா அளக்கிறே போ." அவள் அடுப்பை ஊதினாள்.

மயிலன் கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தான். உதறிவிட்டாள். அவன் தனியாகத்தான் திரும்பினான்.

கரையில் பெரிய மண்கட்டி ஒன்று பெயர்ந்து விழுந்தது. இனி நேரம் இல்லை. பொம்முசாமி கண்ணை மூடிக்கொண்டு கையைக் காட்டினார். பலகைகளை எடுத்தார்கள்.

மறுநாள் மழை விட்டது. ஊர் இருந்தது. கருப்பாயியையும் குழந்தையையும் கருவேல முள்ளுக்குள்ளிருந்து பிணமாக எடுத்தார்கள்.

பொம்முசாமி குருவின் எதிரே போய் நின்றார்.

"எல்லாம் தெரிஞ்ச நீங்க ஏன் ஓடைக்குள்ள குடிசை போட்டீங்க?"

"நீ இடிக்கிறியான்னு பார்க்க."

பொம்முசாமி அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் கெட்டது நினைக்கலையே சாமி. அவ அழுதா. இரக்கப்பட்டேன். அவ்வளவுதானே செஞ்சேன்?"

"அவ்வளவுதான்" என்றார் பரதேசி. "அதை நம்பித்தான் அவ அடுப்பை விட்டு எந்திரிக்கலை."