எருமைகிட்டச் சொன்ன சேதி

ஒரு ஊர்ல ஒரு ரோஷக்கார அப்பா இருந்தாரு. பேரு சொக்கப்பன். ஒரே மக, செல்லக்கிளி. அவ கல்யாணப் பந்தியில தன் இலைக்கு மட்டும் அப்பளம் வரலைன்னு, மனுஷன் இலையைத் தள்ளிட்டு விருட்டுனு எழுந்து போயிட்டாரு. ஒரு அப்பளத்துக்கு! ம் கொட்டு.

ம்.

அப்புறம் பத்து வருஷம் பேச்சே இல்ல. மகளை நினைச்சு நினைச்சு அவருக்குச் சோறு இறங்கல. ஒருநாள் கிளம்பிப் போயி அவ வாசல்ல நின்னாரு. அவ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. நேரா பேச இவருக்கும் வாய் வரல. அங்க கட்டியிருந்த எருமையைப் பார்த்து, "ஏ எருமை, அப்பன் வந்திருக்கேன்னு சொல்லு"ன்னாரு.

அவளும் எருமையைப் பார்த்து, "ஏ எருமை, எனக்கு அப்பனே கிடையாதுன்னு சொல்லு"ன்னா.

எருமை இங்கிட்டுப் பார்த்துச்சு, அங்கிட்டுப் பார்த்துச்சு. "தவிடு வைக்க ஆளில்ல, இதுல தூது வேறயா?"ன்னு கயித்தை அறுத்துக்கிட்டு தடதடதடன்னு ஓடியே போச்சு!

அப்புறம் ஆட்டுக்கல். "ஏ ஆட்டுக்கல்லு, அப்பன் இளைச்சுட்டேன்னு சொல்லு."

"ஏ ஆட்டுக்கல்லு, நல்லா இளைக்கட்டும்னு சொல்லு."

ஆட்டுக்கல்லு, "மாவாட்டவே இடுப்பு ஒடியுது"ன்னு கடகடன்னு உருண்டு எருமை பின்னாடியே போயிடுச்சு. மாப்பிள்ளையா? அவன் வயலுக்குப் போயிட்டான், குறுக்க பேசாதே.

ம்.

அப்போ மிச்சம் வீடு ஒண்ணுதான். "ஏ வீடே, உள்ள வரட்டுமான்னு கேளு"ன்னாரு.

"ஏ வீடே, அன்னிக்கு மாலையும் கழுத்துமா பின்னாலயே ஓடிவந்து கூப்பிட்டேனே, ஒருதரம் திரும்பிப் பார்த்தாரான்னு கேளு"ன்னா. குரல் உடைஞ்சு போச்சு.

வீட்டுக்குத் தாங்கல. "இதை என்னால கேக்க முடியாது சாமி"ன்னு, கூரையைத் தலையில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, திங்கு திங்குன்னு நடந்து தெருமுனை தாண்டிடுச்சு!

இப்போ வெட்டவெளி. நடுவுல ஒரு எறும்புகூட இல்ல. சொக்கப்பன் ஒரு அடி முன்னால வந்தாரு. மகளையே பார்த்து, "தப்பு பண்ணிட்டேன் தாயி. உன் குரல் கேட்டுச்சு. கேட்டும் போயிட்டேன்"னாரு.

அவ வெறிச்சுப் பார்த்தா. அப்புறம் ஒரே கத்து. "இருந்த ஒரு வீட்டையும் விரட்டி விட்டுட்டியேப்பா! இப்ப உன்னை நான் எங்க உக்கார வைப்பேன்?"

திட்டுதான். ஆனா "அப்பா"ன்னு வந்துடுச்சே! அந்த ஒரு வார்த்தைக்குத்தானே மனுஷன் இத்தனை நாளா ஏங்கிக் கிடந்தாரு. ஓன்னு அழுதுக்கிட்டே வெறுந்தரையில சப்பணம் போட்டு உக்காந்துட்டாரு. மூக்கைச் சிந்திக்கிட்டே அவளும் பக்கத்துல உக்காந்தா.

கதையும் அவங்களோடயே உக்காந்துடுச்சு. நீ படுத்துத் தூங்கு.