கோரைப்புல் மோதிரம்

வெகு காலத்துக்கு முந்தி அலைவாய்க்கோட்டை என்றொரு நாடு. அதை ஆண்டவன் கொற்றவர்மன். நல்ல ராஜாதான், குறை சொல்லக்கூடாது. ஆனால் காலையில் காதில் விழுந்ததைச் சாயங்காலத்துக்குள் சட்டமாக்கிவிடுவான். அந்த வியாதிக்கு மட்டும் அரண்மனை வைத்தியரிடம் மருந்தே இல்லை.

ஒரு நாள் கடல் கடந்து வந்த வணிகன் ஒருவன் சபையில் சொன்னான்: "மகாராஜா, எங்கள் ஊரில் கல்யாணம் என்றால் மோதிரம்தான். சுண்டுவிரலுக்குப் பக்கத்து விரல் இருக்கிறதே, அதிலிருந்து ஒரு நரம்பு நேரே நெஞ்சுக்குப் போகிறதாம். அதில் மோதிரம் போட்டால் நெஞ்சிலேயே போட்டதாக அர்த்தம். வட்டத்துக்கு முடிவு கிடையாது. அந்த உறவுக்கும் கிடையாது."

ராஜா தன் விரலைத் தடவித் தடவிப் பார்த்தான். பக்கத்தில் நின்ற பொக்கிஷ அதிகாரி பொன்னம்பலராயர் விடுவாரா? "பொன்மோதிரமாக இருந்தால்தான் மகாராஜா நரம்பு வேலை செய்யும்" என்று ஒரு போடு போட்டார்.

மறுநாளே முரசு அறைந்தார்கள். மாப்பிள்ளை தன் கையால் பொன்மோதிரம் போடாத கல்யாணம் செல்லாது. தாலி ஏறியிருந்தாலும் சரி, பெண் பிறந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அந்தக் கல்யாணத்தில் அட்சதை போட்டவர் அரசாங்க அதிகாரியானால் பதவி போகும்.

கடைசி வரி ராயரின் கைங்கரியம். ஏழை வீட்டுக் கல்யாணமென்றால் அமைச்சர் சாத்தப்பர் முதல் ஆளாகப் போய் நிற்பார் என்பது அவருக்குத் தெரியும். அமைச்சர் ஆசனத்தின் மேல் ராயருக்குப் பத்து வருஷமாக ஒரு கண்.

அவர் நினைத்தபடியே நடந்தது. உப்பளத்தில் வேலை செய்யும் கருத்தையனுக்கும் அரியநாச்சிக்கும் கல்யாணம். பொன்னுக்கு அவன் எங்கே போவான், பாவம்! உப்பங்கழி ஓரத்துக் கோரைப்புல்லை முறுக்கி மோதிரமாகப் பின்னிப் போட்டான். சாத்தப்பர் அட்சதை போட்டு வாழ்த்தினார். அடுத்த நாள் காலையில் மூன்று பேரும் சபையில் நின்றார்கள்.

"மகாராசா, புல்லோ பொன்னோ, இவருதான் என் புருசன். என்னைப் பிரிச்சு அனுப்பிடாதீங்க" என்று அரியநாச்சி அழுதாள். கருத்தையன் அவள் கையை விடாமல் பிடித்திருந்தான்.

ராஜாவுக்கு மனசு இளகத்தான் செய்தது. ஆனாலும் சட்டம் போட்டாயிற்றே! "சாத்தப்பரே, என்ன சொல்கிறீர்?" என்றான்.

"சட்டத்துக்குக் கட்டுப்படுகிறேன் மகாராஜா. ஒரே ஒரு சந்தேகம். இது நேற்று நடந்த கல்யாணத்துக்கு மட்டுமா, பழைய கல்யாணங்களுக்கும் உண்டா?"

ராயர் முந்திக்கொண்டார். "இதென்ன கேள்வி? எந்தக் காலத்தில் நடந்தாலும் உண்டு! நரம்பில் புதுசு பழசு இருக்கிறதா?"

"ஏழைக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்!" என்று ராஜாவே மார்தட்டினான். "நம் சட்டத்தில் ஆள் பார்க்கிற வழக்கமே கிடையாது!"

சாத்தப்பர் திரும்பினார். ராஜாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராணி உலகுடையாளை வணங்கினார். "அம்மா, பல்லக்கைத் தயார் செய்யச் சொல்லட்டுமா?"

"எங்கே போக?"

"தங்கள் பிறந்த வீட்டுக்கு."

ராஜா துள்ளி எழுந்தான். "என்ன உளறுகிறீர்?"

"இருபது வருஷத்துக்கு முன்னால் தாங்கள் போர்க்களத்தில் இருந்தீர்கள். முகூர்த்தம் தவறக்கூடாது என்று தங்கள் வாளை அனுப்பிவைத்தீர்கள். நம் அரச குல வழக்கப்படி அம்மா வாளுக்குத்தான் மாலை போட்டார்கள். வாள் எந்தக் கையால் மோதிரம் போட்டது மகாராஜா? மணமேடைக்கு அந்த வாளைச் சுமந்து போனவர் இதோ நிற்கிறார், ராயர்! அட்சதை போட்டவரும் இவரே!"

ராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "அப்படியானால் நான் இன்னும் கன்னிப்பெண்ணா? தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை இருக்கிறானே!" என்றாள்.

ராஜாவின் முகம் கறுத்தது. "ராயரே! என் கல்யாணம் செல்லுமா, செல்லாதா?"

செல்லாது என்றால் தலை போகும். ராயருக்கு வேர்த்துக் கொட்டியது. "செல்லும் மகாராஜா, செல்லும்! வாள் என்ன, மோதிரம் என்ன, எல்லாம் ஓர் அடையாளம்தானே! தாங்கள் கொடுத்த வாக்குதான் கல்யாணம்! மனசார அனுப்பினால் துரும்புகூடப் போதுமே!"

"அப்பாடா!" என்றார் சாத்தப்பர். "ஓலைக்காரரே, ராயர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளும். இதைத்தான் நானும் சொல்லலாம் என்று வந்தேன். என்னைவிட அழகாகச் சொல்லிவிட்டார். புல்லுக்கும் இதே தீர்ப்புத்தானே ராயரே?"

சபை விழுந்து விழுந்து சிரித்தது. ராஜாவும் சிரித்துவிட்டான். "சட்டம் ரத்து! அரியநாச்சி, உன் புருஷனைக் கூட்டிக்கொண்டு போ, தாயே!" என்றான். அப்போதுதான் கருத்தையன் பிடித்த கையை விட்டுக் கும்பிட்டான்.

ராஜா தன் முத்திரை மோதிரத்தைக் கழற்றிச் சாத்தப்பரின் விரலில் போட்டான். "இனிமேல் உமது கையால் இந்த முத்திரை விழாத எந்தச் சட்டமும் வாசல் தாண்டக்கூடாது. நானே கெஞ்சினாலும் சரி!"

"அவர் விரலுக்கு ஆயிற்று" என்றாள் ராணி, தன் கையை நீட்டி. "என் விரலுக்கு?"

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கினான். கழியோரத்திலிருந்து கோரைப்புல் வந்தது. அரியநாச்சி சொல்லிக்கொடுக்க, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பின்னினான். நாலு தடவை அறுந்தது. ஐந்தாவது, கோணல்மாணலாக இருந்தாலும் நின்றது. அதை ராணியின் விரலில் அவனே போட்டுவிட்டான்.

ராணியின் கண் நிறைந்துவிட்டது. "இருபது வருஷம் கழித்து இன்றைக்குத்தான் என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வந்திருக்கிறார்" என்றாள்.

அன்று அரண்மனையில் கல்யாண விருந்து. உப்பளத்து ஜனம் அத்தனையும் பந்தியில். இலை இலையாகக் குனிந்து பரிமாறியது யார் தெரியுமா? பொன்னம்பலராயர்தான்! மணமக்கள் இலைக்கு மட்டும் மூன்று தடவை பாயசம் ஊற்றினார்.