தங்காயி சுமந்த ரோஜாக் கல்

கனல்மேட்டில் எல்லா விலங்குகளுக்கும் ஒரே பைத்தியம். கல் பைத்தியம்!

கனல்மேடு ஒரு காலத்தில் நெருப்பைக் கக்கிய மலை. இப்போது அணைந்த அடுப்பு மாதிரி சும்மா கிடந்தது. சுற்றிலும் பாலைவனம். ஆப்பம் போல ஓட்டை ஓட்டையாகக் கறுத்த பாறைகள். அவற்றுக்கு நடுவே சிவப்புக் கல், பச்சைக் கல், வளையம் வளையமாகக் கோடு போட்ட கல், தொட்டால் காலை அறுக்கும் கறுப்புக் கண்ணாடிக் கல். காற்று ஒரு சுழற்று சுழற்றிவிட்டுப் போனால் போதும், மண்ணுக்குள் இருந்து புதுசு புதுசாக நிறம் எட்டிப் பார்க்கும்.

ஆனால் எல்லாவற்றின் மேலும் தூசி! அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கல் கிடைத்ததும் முதலில் ஒரு நக்கு நக்கிப் பார்க்க வேண்டும். எச்சில் பட்டால்தான் நிறம் தெரியும். "நக்காத கல்லுக்கு நல்ல பேர் வைக்காதே" என்று அந்த ஊரில் ஒரு பழமொழியே உண்டு.

மலைச்சரிவில் தங்காயி என்ற முள்ளெலி, மூன்று குட்டிகளோடு குடியிருந்தாள். எதைப் பார்த்தாலும் "ஏன்?" என்று கேட்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. பாறைக்கு ஏன் இத்தனை ஓட்டை? பச்சைக் கல் ஏன் பள்ளத்தில் மட்டும் கிடைக்கிறது? கேட்டுக் கேட்டு அக்கம்பக்கத்தார் அவளைக் கண்டாலே ஒதுங்கிப் போனார்கள்.

கோடை நெருங்கியது. அவள் வளைக்கு மேலே இருந்த கறுப்புப் பாறை தோசைக்கல் மாதிரி காய ஆரம்பித்தது. குட்டிகளுக்கு முள்கூட இன்னும் கெட்டிப்படவில்லை. ராத்திரியானாலும் சூடு தணியாமல், மூன்றும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூச்சு வாங்கின.

"இந்த வளையில் இருந்தால் கோடை முடிவதற்குள் மூன்றையும் பறிகொடுத்துவிடுவேன்" என்று தங்காயி பயந்தாள்.

மலைக்கு அடியில் ஒரு குகை. உள்ளே பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருக்கும். அதன் சொந்தக்காரர் பாறையன் என்ற உடும்பு. அவர் இடம் சும்மா கொடுக்க மாட்டார். குகைச் சுவர் ஓரமாகக் கல் கல்லாக வரிசை வைத்திருந்தார். குடிவருபவர்கள் அந்த வரிசையில் இல்லாத நிறத்தில் ஒரு கல் கொடுக்க வேண்டும். அதுதான் வாடகை!

"ஒரே ஒரு அறைதான் காலி. மூன்று நாள் தவணை. உன்னைப் போலவே கீரி சாத்தப்பனும் கேட்டிருக்கிறான். யார் கல் எனக்குப் பிடிக்கிறதோ அவருக்கு அறை!" என்றார் பாறையன்.

முதல் நாள் தங்காயி ஐம்பது கல்லாவது நக்கியிருப்பாள். எல்லாமே வரிசையில் ஏற்கெனவே இருந்த நிறங்கள்தான். இரண்டாம் நாளும் அப்படித்தான். நாக்கு சொரசொரவென்று ஆனதுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் அவள் மலையை விட்டு இறங்கி, வற்றிப்போன ஏரிப் பக்கம் நடந்தாள். தரையெல்லாம் வெள்ளை வெளேரென்று வெடித்துக் கிடந்தது. அங்கே கல் தேடி யாரும் போவதில்லை.

"ஏன் யாரும் வருவதில்லை?" என்று கேட்டுக்கொண்டே ஒரு வெடிப்புக்குள் எட்டிப் பார்த்தாள்.

உள்ளே ஏதோ மினுங்கியது!

பரபரவென்று தோண்டினாள். ரோஜாப்பூ நிறத்தில் ஒரு கல்! கத்தியால் வெட்டியது போல மூலைக்கு மூலை சதுரம். சூரியனுக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் அப்படியே உள்ளே புகுந்து வந்தது. தூசியே இல்லை. 'இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே, இதை எதற்கு நக்க வேண்டும்?' என்று நினைத்தாள். உருண்டு புரண்டு கல்லை முதுகு முள்ளுக்கு நடுவே இறுக்கமாகச் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

பாதி வழியில் கீரி சாத்தப்பன் எதிரே வந்தான்.

"தங்கச்சி! முதுகில் என்ன, சூரியனையே சுமந்துக்கிட்டு வர்றியா?"

"வாடகை அண்ணே, வாடகை!"

சாத்தப்பன் பின்பக்கமாகப் போய்ச் சட்டென்று ஒரு நக்கு நக்கினான். அவன் கண் அகல விரிந்தது. உப்பு! கல்லே இல்லை, கட்டி உப்பு! ஆனால் அதை அவளிடம் சொல்லாமல் மறைத்துவிட்டான். உள்ளுக்குள்ளே சிரித்துக்கொண்டான்.

"அருமையான கல்! ஆனா இதை இப்படியே கொண்டுபோனா, 'எங்கே திருடினே?'ன்னு பாறையன் கேட்பாரு. வழியில் நாலு பேருக்குக் காட்டு. நாலு பேரும் நக்கிப் பார்த்துச் சாட்சி சொல்லட்டும்!"

"நீயும் அந்த அறையைத்தானே கேட்டே? ஏன் அண்ணே எனக்கு நல்லது சொல்றே?"

"மூணு குட்டியோட அல்லாடுறியே, பாவம்!"

குட்டி பேச்சு வந்ததும் தங்காயிக்கு மனசு இளகிவிட்டது. அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

முதலில் முயல் வந்து நக்கியது. "அடேயப்பா! எங்கே, இன்னொரு தரம்!" என்றது.

அடுத்து கவுதாரி வந்தது. "எனக்கு நாக்கு பத்தாது. ஒரு கொத்து கொத்திக்கிறேன்!" என்று நறுக்கென்று கொத்தியது.

ஓணான் தலையை ஆட்டி ஆட்டி ஆறு தரம் நக்கியது. "ஒண்ணாவது நக்குல நிறம் சரியாத் தெரியலை" என்று அதற்கு ஒரு சாக்கு வேறு.

கடைசியில் மொக்கையன் என்ற காட்டுக்கழுதை வந்தான். அவன் நாக்கு துண்டு அகலம்! ஒரே இழுப்பு. தங்காயி தலைகுப்புற விழுந்து எழுந்தாள்.

"அய்யோ மொக்கையா, என் முள்ளு குத்துமே!"

"குத்தட்டும் அக்கா! முள்ளு தின்னு வளர்ந்த நாக்கு இது. இன்னும் ஒரே ஒரு தரம்!"

முதுகில் இருப்பது அவள் கண்ணுக்குத் தெரியாது. பாரம் குறைவது மட்டும் தெரிந்தது. "நாலு பேர் பாராட்டினால் பாரம்கூட லேசாகிவிடுகிறதே!" என்று மகிழ்ந்துகொண்டே நடந்தாள். மொக்கையன் நாக்கைச் சப்புக் கொட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

குகை வாசலில் சாத்தப்பன் ஏற்கெனவே நின்றிருந்தான். அவன் காலடியில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கல் ஜொலித்தது.

"உன் கல் எங்கே, தங்காயி?" என்றார் பாறையன்.

அவள் முதுகை உதறினாள். கடுகு அளவு ஒரு துணுக்கு உதிர்ந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பாறையன் குனிந்தார். வழக்கப்படி ஒரு நக்கு நக்கினார். அவ்வளவுதான். தரையில் ஒன்றும் இல்லை!

"கல் எங்கே போச்சு?"

"உங்க வாய்க்குள்ளே போச்சு அண்ணே!"

"தூ! இது கல்லா? உப்பு! வாடகை கேட்டா ஊறுகாய்க்குச் சாமான் கொண்டு வந்திருக்கியே!"

சாத்தப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். "இப்போ என் கல்லைப் பாருங்க அண்ணே! தூசியே இல்லை, நக்கவே வேண்டாம்!"

"கனல்மேட்டில் நக்காமல் எந்தக் கல்லையும் வாங்கினதில்லை" என்று பாறையன் அதையும் நக்கினார். ஒரு நிமிஷம் யோசித்தார். மறுபடி நக்கினார். பிறகு கேட்டார்:

"ஏன்டா சாத்தப்பா, கல் எங்கேயாவது இனிக்குமா?"

கல்லின் நிறம் கழன்று அவர் நாக்கில் ஒட்டியிருந்தது. அடியில் தெரிந்தது வெறும் வெள்ளைக் கூழாங்கல். சப்பாத்திக்கள்ளிப் பழத்தைப் பிழிந்து பூசியிருக்கிறான்!

"ஒருத்தி உப்பு, ஒருத்தன் சர்க்கரை! நான் என்ன மளிகைக் கடையா வச்சிருக்கேன்? ரெண்டு பேரும் நடையைக் கட்டுங்க!"

வாலைத் தூக்கி அவர் ஒரு விளாசு விளாச, சாத்தப்பன் எடுத்தான் ஓட்டம். அந்தப் பக்கம் அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தங்காயி குகைக்கு வெளியே வந்து உட்கார்ந்தாள். தவணை முடிந்துவிட்டது. வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. வளையில் மூன்று குட்டிகள். இனி எங்கே போவது? அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது அவள் தோளுக்குப் பின்னால் சூடாக ஒரு மூச்சு. மொக்கையன் இன்னும் போகவில்லை! அவள் முதுகு முள்ளை ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டிருந்தான்.

தங்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குள் ஒரு கேள்வி எழும்பியது. கல்லை எல்லோரும் ஒரு தரம்தான் நக்குவார்கள். இதை மட்டும் ஏன் இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று கேட்டார்கள்?

"ஏன் மொக்கையா, என் பின்னாலேயே வர்றே?"

"உப்பு அக்கா, உப்பு! வெறும் புல்லும் முள்ளும் தின்னு நாக்கு செத்துப் போச்சு. வருஷா வருஷம் எங்க கூட்டம் உப்புக்காக மூணு நாள் வடக்கே நடக்கும். போற வழியில் கிழடுகளும் குட்டிகளும் விழுந்து போகும். உனக்கு இது எங்கே கிடைச்சது?"

"கிட்டத்திலேதான்! நீ ஒரு ஓட்டம் ஓடினா போயிடலாம்" என்றாள் தங்காயி. "அது இருக்கட்டும். அந்த மூணு நாளும் தண்ணிக்கு என்ன செய்வீங்க?"

"காஞ்சு கிடக்கிற ஓடையில் குளம்பால தோண்டுவோம். என் மார்பளவு தோண்டினா தண்ணி ஊறும்."

"அந்தக் குழிச் சுவர் எப்படி இருக்கும்? சுடுமா?"

"சுடுறதாவது! ஈர மண்ணு. மத்தியானத்திலும் ஜில்லுன்னு இருக்கும்."

தங்காயி துள்ளி எழுந்தாள்.

"அப்படின்னா கேளு! என் வளைக்குக் கீழேயும் ஒரு காஞ்ச ஓடை இருக்கு. அதில் எனக்கு ஒரு குழி தோண்டிக் கொடு. அதோட சுவரில் நான் வளை வெட்டிக்கிறேன். ரோஜாக் கல் இருக்கிற இடத்தை உன் கூட்டத்துக்கே காட்டுறேன். சம்மதமா?"

"சம்மதமாவா கேட்கிறே! ஒண்ணு என்ன, நாலு குழி தோண்டுறேன்!"

மொக்கையன் கத்திய கத்தலில் கழுதைக் கூட்டமே புழுதி பறக்க ஓடிவந்தது. தங்காயி முன்னால் நடந்து வற்றிய ஏரியைக் காட்டினாள். ஆசை தீர உப்பை நக்கிவிட்டு, கழுதைகள் சொன்ன சொல் தவறாமல் ஓடைக்கு வந்தன. இருபது குளம்புகள் மணலை வாரி இறைத்தன. முழங்கால் ஆழத்தில் மண் கறுத்தது. மார்பளவு ஆழத்தில் தண்ணீர் மெல்லக் கசிந்தது.

உச்சிவெயில் வருவதற்குள் தங்காயி குழிச் சுவரில் வளை வெட்டி முடித்தாள். குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு வந்து உள்ளே விட்டாள். மேலே மலை கொதித்தது. உள்ளே மூன்றும் ஈர மண்ணில் வயிற்றை அப்பிக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்று காலைப் போட்டுக்கொண்டு, அசந்து தூங்கின.

பளபளப்பைப் பார்த்து மயங்கி நின்றவருக்குக் கையில் இருந்ததும் கரைந்து போகும். தோற்ற பிறகும் 'ஏன்?' என்று கேட்டவருக்குப் புது வழி திறக்கும்.