மாலை மரியாதையோடு ஓடிய கார்

ராஜா காலத்தில் ரிமோட் கார் ஏதுய்யா என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எங்கள் சண்டமாருத பூபதியிடம் இருந்தது. அவ்வளவுதான்!

அதுவும் சும்மா காரா? பக்கத்து நாட்டு ராஜா உக்கிரசேனனும் ஒன்று வைத்திருந்தார். யாருடையது வேகம் என்று பேச்சு முற்றி, இரண்டு ராஜாக்களும் மீசையைப் பந்தயம் கட்டிவிட்டார்கள். தோற்றவர் சபையிலேயே மழித்துக்கொள்ள வேண்டும்.

அரண்மனையின் கெட்டிக்காரன் சோலையப்பனை ராஜா கூப்பிட்டார்.

"அடேய், என் மீசை போச்சுன்னா உன் தலை போகும். காரை நீயே செய்!"

சோலையப்பன் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பெரிய மோட்டார், பெரிய பேட்டரி, அதற்கேற்ற பல்சக்கரம். வேகத்தில் டயர் உப்பிக் கிழியாமல் இருக்க உள்ளே டேப் ஒட்டினான். முன்பக்கம் தூக்காமல் இருக்க மூக்கில் ஈயத்துண்டு வைத்தான். ஓட்டிப் பார்த்தான். அடேயப்பா! அரண்மனைப் பூனை அலறி மாமரத்தில் ஏறி, சாயங்காலம்தான் இறங்கியது.

அதற்குள் வந்து சேர்ந்தார் சம்பிரதாய மந்திரி தாண்டவராயர். சோலையப்பனைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும்.

"ராஜாவின் வண்டி இப்படி மொட்டையாவா போறது? மானம் போகுமே!" என்றார்.

வெண்கொற்றக் குடை ஏறியது. வெள்ளிமணி ஏறியது. பட்டுக்கொடி, பொன்னாடை, ஆளுயர ரோஜா மாலை எல்லாம் ஏறின. கார் நாலடி நகர்ந்து முனகியது. மோட்டாரில் தோசை சுடலாம், அப்படிச் சூடு.

"ஐயா, இதையெல்லாம் இறக்கிடுங்க. என் தலை போயிடும்!"

"ராஜ மரியாதையை இறக்கினா ராஜ நிந்தனை. அதுக்கும் தலைதான் போகும்," என்றார் தாண்டவராயர், தாம்பூலம் மென்றபடி.

சோலையப்பனுக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

பந்தய நாள். உக்கிரசேனன் வந்து இறங்கினார். வழக்கப்படி எங்கள் ராஜா தன் கழுத்து மாலையைக் கழற்றி விருந்தாளியின் கழுத்தில் போட்டார். அதைப் பார்த்ததும் சோலையப்பன் முகத்தில் களை வந்தது. ஓடிப்போய்த் தாண்டவராயரிடம் பவ்யமாகக் கேட்டான்.

"ஐயா, நம்ம ராஜா போட்டிருக்கறதை விருந்தாளி ராஜாவுக்குக் கழற்றிக் கொடுத்தா அது நிந்தனையா?"

"மடையா! அதைவிடப் பெரிய மரியாதை உண்டா?"

"அப்போ ராஜாவோட கார் போட்டிருக்கறதை விருந்தாளியோட காருக்குக் கொடுத்தா?"

தாண்டவராயர் சுற்றிலும் பார்த்தார். சபையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அதுவும்... மரியாதைதான்," என்றார்.

அடுத்த நிமிஷம் குடை, மணி, கொடி, பொன்னாடை, மாலை எல்லாம் மேளதாளத்தோடு உக்கிரசேனன் காரில் ஏறின. அவர் முகம் சுண்டியது. ஆனால் என்ன செய்வார்? கொடுத்த மரியாதையை அங்கேயே இறக்கினால் யுத்தம் அல்லவா மூளும்!

முரசு கொட்டியது. எங்கள் கார் கண்ணை மூடித் திறப்பதற்குள் பந்தய எல்லைக்கோட்டில் நின்றது. அவருடையது குடையில் காற்று வாங்கி, மணியாட்டி, மாலையைச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு, புது மாப்பிள்ளை மாதிரி அசைந்து வந்து பாதியிலேயே உட்கார்ந்துவிட்டது.

உக்கிரசேனன் கையால் மீசையைப் பொத்திக்கொண்டார். எங்கள் ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் உருண்டது.

"சபாஷ்டா! யாரங்கே? சோலையப்பனுக்கு மாலை கொண்டு வாங்க! பொன்னாடை கொண்டு வாங்க! குடை பிடிங்க!"

சோலையப்பன் நாலடி பின்னால் குதித்தான்.

"ஐயையோ, வேண்டாம் மகாராஜா! எனக்குப் புது மோட்டார் ஒண்ணு போதும். மரியாதை மொத்தத்தையும் தாண்டவராயருக்கே போடுங்க. அவர்தான் நகராம ஒரே இடத்துல இருக்கணும்!"